லீவு எடுத்து நடந்த ஊர்

ஈப்போ ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் முன்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். எதிரே நகர மண்டபம். அதைத் தாண்டினால் பழைய நகரத்துக் கோப்பிக்கடைகள். ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்து 1917-இல் கட்டி முடித்த அந்த வெள்ளைக் கட்டடத்தைப் படம் எடுக்காமல் யாரும் நகர்வதில்லை. எனக்கு வேண்டிய ஊர் தண்டவாளத்துக்கு மறுபக்கம், மேற்கே, சுங்கை பாரி ஆற்றை ஒட்டி இருக்கிறது. புந்தோங். மாமா குடும்பம் தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய ஊர். என் பள்ளி விடுமுறைகள் எல்லாம் கழிந்த ஊர். தைப்பூசத்துக்குச் சில நாள் இருக்கையில், சேர்ந்து கிடந்த லீவை மொத்தமாக எடுத்துக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்கினேன்.

2010-இல் மின்ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து இது இரண்டரை மணி நேரப் பயணம்தான். கம்பார் தாண்டியதும் ஜன்னலில் சுண்ணாம்புக் குன்றுகள் தெரியத் தொடங்கும். பத்து காஜா பக்கம் பழைய ஈயக் குட்டைகள், பச்சையும் நீலமுமாக, ஒன்றை அடுத்து ஒன்று. இந்தக் கிந்தா பள்ளத்தாக்கைத் தோண்டித்தான் ஒரு காலத்தில் உலகத்துக்கு ஈயம் போனது. 1985-இல் ஈய விலை சரிந்தபோது எத்தனையோ குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நானும் போனவள்தான்.

மாமா மோட்டாரோடு வந்து காத்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா, முகமெல்லாம் ஊதிப்போய் இருக்கு?"

"உக்காந்தே வேலை மாமா."

"சரி ஏறு. இன்னைக்கு மட்டும்தான் மோட்டார். நாளையிலேர்ந்து அத்தைகூட நடை."

அத்தைக்கு அறுபது வயது கடந்துவிட்டது. பல வருடமாக நீரிழிவு. மாத்திரையோடு ஒரு பழக்கத்தையும் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயதில் ஏற முடியாத கிளேடாங் மலையை இப்போது வாரா வாரம் ஏறிக்கொண்டிருக்கிறார். அவரோடு நடப்பதற்கென்றே நான் இந்த லீவை எடுத்தேன்.

நகரத்தில் லீவு எடுப்பது ஏன் இவ்வளவு கடினமாகிவிட்டது என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். சட்டத்தில் குறையில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரே இடத்தில் ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 16 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வார வேலை நேரத்தையும் 2023 ஜனவரியிலிருந்து 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்த் திரும்பும் நேரம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இருட்டோடு கிளம்பி, நெரிசலில் உட்கார்ந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி நெரிசலில் உட்கார்ந்து, இருட்டில் வீடு திரும்பி, சமைத்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து முடிக்கும்போது மணி பத்தாகிவிடும். கிடைக்கிற லீவும் கல்யாணம், கருமாதி, பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடக் கூட்டம் என்று அரை நாளாகவும் ஒரு நாளாகவும் கரைந்துவிடுகிறது. உடம்புக்கென்று யாரும் லீவு போடுவதில்லை. உடம்பு தானாகப் போட வைக்கும்வரை காத்திருக்கிறோம்.

எனக்குக் கடந்த ஆண்டுப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. என்னைச் சுற்றியிருப்பவர்களில் பலர் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். 2019-இல் நாடு முழுக்க எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேர் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தால் அதில் ஏறக்குறைய ஒருவருக்கு. எங்கள் தீபாவளி விருந்துகளில் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பக்கம் ஊசிப் பெட்டிகள் திறக்கும், இன்னொரு பக்கம் மாத்திரை அட்டைகள் கிழியும்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே இரண்டு காரணம் சொல்வார்கள்: வாயைக் கட்டுவதில்லை, சோம்பேறித்தனம். எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. புந்தோங்கில் நான் பார்த்ததும் அந்தப் பேச்சுக்கு எதிராகவே இருந்தது.

புந்தோங்கைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலேசியாவின் சட்டமன்றத் தொகுதிகளில் இந்திய வாக்காளர்களின் விழுக்காடு மிக அதிகமாக இருப்பது இங்கேதான், ஏறக்குறைய பாதி. மலாயாவின் அவசரகாலத்தில் உருவான சீனர் புதுக்கிராமமும் இதே ஊரில்தான் இருக்கிறது. ஈப்போவின் பெயர்போன தவுகே, அந்தக் குட்டையான, தடித்த, கடித்தால் நீர் தெறிக்கிற முளைப்பயறு, புந்தோங்கில் வளர்கிறது. சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து வரும் தண்ணீர்தான் அதற்குக் காரணம் என்று ஊரே சொல்லும். தவுகே வளர்க்கும் சீன வீடுகளுக்கும் முறுக்கு சுடும் தமிழ் வீடுகளுக்கும் இடையே நடந்தே போய்விடலாம்.

முறுக்கு என்று சொல்லிவிட்டுச் சும்மா போக முடியாது. இங்கே கம்போங் கச்சாங் பூத்தே என்றே ஒரு பகுதி இருக்கிறது. 1940-களில் எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் இங்கே கடலை வறுத்து விற்கத் தொடங்கின. தலையில் தட்டைச் சுமந்துகொண்டு, படக்கொட்டகை வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் நின்று, தாளைக் கூம்பாகச் சுருட்டி அள்ளிப் போட்டுக் கொடுத்த கச்சாங் பூத்தே வியாபாரிகளைப் பார்க்காத மலேசியர், என் அம்மா வயதில், கிடையாது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே தட்டிலிருந்து வாங்கித் தின்றார்கள். இன்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடை வைத்து நடத்துகிறார்கள். நாடெங்கும் பொட்டலம் போகிறது.

வந்த அன்று சாயங்காலமே அத்தையோடு அந்தப் பக்கம் போனேன். ஒரு வீட்டின் பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆள் உட்காரக்கூடிய அகலத்தில் ஒரு இரும்புச் சட்டி. அக்கா ஒருவர் அச்சில் மாவை அடைத்து, எண்ணெய்க்கு மேலே கையைச் சுற்றிச் சுற்றிப் பிழிந்தார். விழுந்ததும் எண்ணெய் பொங்கி நுரைத்து, முறுக்கே கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் எதையும் கிளறாமல் நின்றார். நுரை மெல்ல அடங்கி, குமிழிகள் குறைந்து, சத்தமும் தணிந்தது. "இப்பதான் ஈரம் போச்சு. சத்தம் நின்னா எடுத்துடணும்" என்று சொல்லிக்கொண்டே நீளக் கம்பியால் திருப்பினார். பிழிந்த கையின் முழங்கையிலிருந்து தோள்வரை நரம்பு புடைத்திருந்தது. காலையிலிருந்து நின்றபடிதான் வேலை. தைப்பூசம் நெருங்குவதால் கேட்டுவரும் பொட்டலங்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்றார்.

நீரிழிவு உள்ள அத்தை அங்கே என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கொஞ்சம் கொண்டைக்கடலை வாங்கினார், வறுத்தது, மாவு பூசாதது. முறுக்கு ஒன்றை இரண்டாக உடைத்து எனக்குப் பாதி கொடுத்தார். "திங்கறதுக்கு நடக்கணும், நடந்துட்டுத் திங்கணும்" என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது குறுக்குச் சந்தில் போகாமல் சுங்கை பாரி சாலையைச் சுற்றிக்கொண்டு நடத்திக் கூட்டிப்போனார். இதில் வைத்தியமும் இருக்கிறது. நடக்கும்போது காலின் தசைகள் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்து எரிக்கின்றன, இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும்கூட. சாப்பிட்டதும் நடக்கும் கால் மணி நேரம் ராத்திரி முழுக்கச் சாய்ந்து கிடப்பதைவிட எவ்வளவோ மேல். அத்தைக்கு இதைக் கிளினிக் தாதி சொல்லியிருக்கிறார். அத்தை தெருவுக்கே சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியற்காலை கிளேடாங்.

புந்தோங்கிலிருந்து மெங்லெம்பு பக்கம் கொஞ்ச தூரம்தான். மெங்லெம்புவும் கடலைக்குப் பேர்போன ஊர், அது தோலோடு வறுத்த நிலக்கடலை. அங்கே அடிவாரம். உச்சி 808 மீட்டர். மேலே தொலைத்தொடர்புக் கோபுரங்கள் இருப்பதால் தார்ச்சாலை ஒன்று வளைந்து வளைந்து உச்சிவரை போகிறது. அதைத் தவிரக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதைகளும் உண்டு. அத்தையின் கூட்டம் சாலையில் ஏறுகிறது. முழங்கால் பழகாதவர்களுக்கும் மழை நாளுக்கும் அதுதான் பத்திரம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருள் இன்னும் பிரியவில்லை, ஆனால் அடிவாரம் விழித்துக் கிடந்தது. மோட்டார்கள் வரிசையாக நின்றன. கையில் டார்ச்சும் தோளில் துண்டுமாகச் சீனத் தாத்தாக்கள் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தார்கள். "ஜோ சன்" என்று அவர்கள் சொல்ல, அத்தையும் "ஜோ சன்" என்றார். ஈப்போக்காரர்களுக்குக் கன்டனிஸ் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. அத்தையின் கூட்டத்தில் நான்கைந்து பெண்கள். ஒருவர் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர், ஒருவர் தையல்காரர், ஒருவர் பணி ஓய்வு பெற்ற தாதி. பழைய டி-சட்டை, ரப்பர் சப்பாத்து. தோட்டத்தில் போட்டுப் பழகிய அந்த விலை மலிவான கறுப்பு ரப்பர் சப்பாத்துதான் மலையில் வழுக்காது என்பது அவர்களின் ஏகமனதான முடிவு. சாலையில் ஏறிய பலர் காலில் அதைப் பார்த்தேன்.

முதல் வளைவிலேயே எனக்கு மூச்சு முட்டியது. நின்றுவிட்டேன். ஓய்வுபெற்ற தாதியம்மா திரும்பி வந்தார்.

"பேச முடியுதா தங்கச்சி?"

"முடியுது... ஆனா..."

"பேச முடியுதுன்னா நடக்கலாம். பாட முடிஞ்சா இன்னும் கொஞ்சம் வேகமா நடக்கணும். பேசவே முடியலன்னா நிக்கணும். இவ்வளவுதான்."

உடற்பயிற்சி நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இப்படி மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு. மிதமானது எது என்பதற்குக் கருவி தேவையில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்தக் கணக்கிலேயே என்னை மேலே கொண்டுபோனார்கள். நான் நின்றால் ஒருவர் நின்றார். மற்றவர்கள் தொடர்ந்து போய் அடுத்த வளைவில் காத்திருந்தார்கள். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை, பாராட்டவும் இல்லை. மகளுக்கு வந்த வரன், பசாரில் மீன் விலை, சிற்றுண்டிச்சாலைக் குத்தகை என்று அவர்கள் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே ஏறினேன் என்றுகூடச் சொல்லலாம்.

வெளிச்சம் வந்தபோது மரங்களின் இடைவெளியில் ஈப்போ தெரிந்தது. வெள்ளை மூட்டம், அதற்கு மேலே தலை நீட்டிய குன்றுகள். குரங்குக் கூட்டமொன்று சாலைக் கம்பியில் உட்கார்ந்து எங்களைக் கணக்கெடுத்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மலாய் இளைஞர் முதுகில் கனமான பையோடு ஏறி இறங்கி, மறுபடி ஏறினார். பெரிய மலை ஒன்றுக்குப் பழகுகிறாராம். 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாக மலேசியக் கொடியை நட்டவர்கள் மகேந்திரன், மோகனதாஸ் என்ற இரண்டு தமிழர்கள். நான் அன்று செய்தித்தாளை வெட்டி வைத்திருந்தேன். அந்த இளைஞரிடம் அவர்கள் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. மனம் நிறைந்துபோனது.

அன்று நான் உச்சியைத் தொடவில்லை. பாதிக்கு மேல் ஏறியதும் தாதியம்மா, "போதும், இறங்கறதுக்கும் கால் வேணும்" என்று திருப்பிவிட்டார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது மறுநாள் காலையில் தொடை சொல்லியது. ஏறும்போது மூச்சு உழைக்கிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. வலி அதிலிருந்துதான் வருகிறது. பழகாதவர்கள் ஒரே நாளில் உச்சிக்குப் போய், ஒரு வாரம் வலியோடு கிடந்து, பிறகு மலைப்பக்கமே வருவதில்லை என்றார். லீவு முடிவதற்குள் உச்சியைப் பார்த்தேன். ஆனால் இந்தப் பயணத்தில் எனக்குப் பெரிதாகத் தோன்றியது உச்சியில்லை, விடிகாலை ஐந்தரைக்கு வாசலில் கேட்ட "கிளம்பியாச்சா?" என்ற குரல்தான்.

இடையில் ஒரு நாள் மாமா வடக்கே கூட்டிப்போனார். சுங்கை சிப்புட், அதைத் தாண்டிக் கோலகங்சார். பாட்டி பால் வெட்டிய தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம்தான் இருந்தது. அங்கே இப்போது செம்பனை. லயங்கள் இருந்த இடத்தில் ஒரு கோவிலும் ஒரு கிணறும் மிச்சம். மாமா மோட்டாரை நிறுத்திவிட்டு, "இங்கேருந்து அந்த மேடு வரைக்கும் ஆயாவோட நிரை" என்று கை காட்டினார். நான் பார்த்தேன். மேடும் பள்ளமுமாக, கண்ணுக்கெட்டிய தூரம்.

விடிவதற்கு முன் பெரட்டு. பெயர் கூப்பிட்டதும் காட்டுக்குள் நடை. குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் வெயில் ஏறுவதற்குள் நானூறு ஐந்நூறு மரம் வெட்டிவிட வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் குனிவு, ஒரு வெட்டு, பால் விழும் மங்கைச் சரிசெய்தல். பிறகு மறுபடி முதல் மரத்திலிருந்து பால் எடுத்து, காண்டாவில் இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குத் தூக்கிப் போக வேண்டும். மழை வந்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை. பாட்டிக்கு லீவு என்றால் மழைதான், அந்த லீவில் வீட்டில் அடுப்பு எரியுமா என்ற கவலையும் கூடவே வரும்.

"அந்தக் காலத்துல நோய் இருந்துச்சா? உழைச்சாங்க, திடமா இருந்தாங்க" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டியின் முதுகு ஐம்பது வயதில் வளைந்துவிட்டது. மலேரியா, கொக்கிப்புழு, இரத்தசோகை எல்லாம் தோட்டத்து வீடுகளில் குடியிருந்தன. அது உழைப்பில் தேய்ந்த உடம்பு. அந்த வாழ்க்கை திரும்பி வர வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து ஒன்றை நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம். விடுதலைக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின, அவை துண்டு துண்டாகக் கைமாறின. அந்தத் துண்டாடலில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழந்தன. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பங்கு சேர்த்தார். அப்படியும் காப்பாற்ற முடியாமல் போன தோட்டங்கள் ஏராளம். வெளியேறியவர்கள் பட்டணத்து ஓரங்களில் ஒண்டினார்கள், பிறகு அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். வீட்டு வாசலில் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டது. தோட்டத்தில் பந்து விளையாடத் திடல் இருந்தது, சிலம்பம் சுற்றக் கோவில் வாசல் இருந்தது, ராத்திரி கூத்துப் பார்க்க அடுத்த தோட்டத்துக்குச் சேர்ந்து நடக்கக் கூட்டம் இருந்தது. குடிமாறியபோது திடலையும் கூட்டத்தையும் யாரும் சேர்த்துக் கொடுக்கவில்லை. சீனியும் பால்மாவும் வெள்ளை அரிசியும் மட்டும் முன்பைவிட மலிவாகக் கிடைத்தன. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு பெரிய மாற்றம் நடந்துவிட்டு, அடுத்த தலைமுறையைப் பார்த்து மனவுறுதி இல்லை என்று சொல்வது எப்படி நியாயம்?

சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்த தமிழ்ப்பள்ளி. கோலகங்சாரில் மாவட்ட நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்ட ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877-இல் இங்கே நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது அது. பிரேசிலிலிருந்து இலண்டனுக்கும் அங்கிருந்து கிழக்கேயும் பயணப்பட்ட விதைகளின் வழி வந்த மரம். எங்கள் குடும்பம் கடல் கடந்ததற்கே காரணம் இந்த இனந்தான். மாமா அதன் பட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கை தானாக, வெட்டுவதற்குத் தோதான சாய்வில், கத்தி பிடிக்கும் பாவனைக்குப் போயிருந்தது.

திரும்பி வரும் வழியில் அவர்தான் ராஜாமணியைப் பற்றிச் சொன்னார். தாப்பாவில் பிறந்து, 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966-இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதைப் பெற்றவர். "எங்க வயசுப் பசங்க எல்லாம் அவங்க பேரச் சொல்லிக்கிட்டே தோட்டத்து ரோட்டுல ஓடுவோம்" என்றார். பேரா மாநிலத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி உலக அரங்கில் ஓடிய செய்தியை எங்கள் பள்ளிப் புத்தகத்தில் நான் படித்த நினைவில்லை. என் மகளுக்கு நான் சொல்லப்போகிறேன்.

தைப்பூசம் நெருங்க நெருங்கச் சாயங்கால நடைக்குக் கூட்டம் கூடியது. ஈப்போவில் காவடிகள் புந்தோங் சுங்கை பாரி சாலையிலிருக்கும் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து கிளம்பி, நகரத்தைக் கடந்து, குனோங் சீரோவில் இருக்கும் கல்லுமலை சுப்பிரமணியர் கோவிலுக்குப் போகும். விரதம் இருப்பவர்கள் மரக்கறிச் சாப்பாடு, ஒரு வேளைச் சாப்பாடு என்று வாரக்கணக்கில் இருப்பார்கள். பால்குடம் எடுக்கப்போகும் பெண்கள் வெறுங்காலோடு நடந்து பாதத்தைப் பழக்குகிறார்கள். அத்தையின் பக்கத்து வீட்டுப் பிள்ளை, தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவன், காவடி தூக்க வேண்டுதல். வேலை முடிந்து வந்ததும் படுக்காமல் முதலில் நடந்துவிட்டுத்தான் தூங்கப் போகிறான். பக்தியை உடற்பயிற்சி என்று சொல்ல நான் வரவில்லை. ஆனாலும் நாள் குறித்து, உடன் நடக்க ஆள் சேர்த்து, நாக்கையும் காலையும் ஒன்றாகக் கட்டும் ஒரு ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. விரதம் முடிந்த மறுநாளே அதை ஒட்டுமொத்தமாக விட்டுவிடுகிறோம். சில வாரம் சும்மா இருந்தாலே பழகிய உடம்பு பழையபடி இறங்கிவிடும் என்கிறார் தாதியம்மா. தைப்பூசம் முடிந்த வாரமே கிளேடாங்குக்குப் புதிதாக வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வது அவர்கள் கூட்ட வழக்கம்.

கல்லுமலை அடிவாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் நின்றபோது, செங்குத்தான பாறையைப் பார்த்தேன். 1973 அக்டோபரில் இந்தக் குன்றிலிருந்து பாறை பெயர்ந்து கீழே இருந்த வீடுகளின் மேல் விழுந்து நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். மாமா அந்தச் செய்தியைக் கேட்டு ஓடிவந்தவர்களில் ஒருவர். குன்றின் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அவர் கோவிலுக்குள் நுழைவார்.

தைப்பூசத்தன்று பேராவில் பொது விடுமுறை. கோலாலம்பூருக்கு அது 2008-இல்தான் கிடைத்தது. அன்று முழுக்க நடந்தேன். காவடிகளுக்கு முன்னும் பின்னும், தண்ணீர்ப் பந்தல்களில் நின்றும், உறுமி மேளத்துக்குக் கால் மாற்றியும், வெயிலில். வழியில் கொடுத்த மோரும் பானகமும் வாங்கிக் குடித்தேன். முதல் வளைவில் நின்றுபோன மூச்சு அன்று கல்லுமலைப் படிகளில் ஒத்துழைத்தது.

ஊர் திரும்பும் முன் அத்தையிடம் கேட்டேன், கோலாலம்பூரில் இதையெல்லாம் எப்படித் தொடர்வது என்று. அவர் பதில் சொல்லாமல் என் கைத்தொலைபேசியை வாங்கி, "உங்க பிளாட்டுல யாரு இருக்கா? பேரச் சொல்லு" என்றார். நான்காம் மாடி அக்காவைச் சொன்னேன். அவருக்கும் சர்க்கரை. மின்தூக்கியில் பார்த்துச் சிரிப்பதோடு சரி. "அவளக் கூப்புடு. ஒருத்தர் போதும். ஒனக்காக ஒருத்தர் கீழே நிக்கிறாங்கன்னா எறங்கித்தானே ஆகணும்?"

அங்கேயே கூப்பிட்டேன். அந்த அக்கா முதலில் யாரென்று தெரியாமல் தடுமாறினார், பிறகு நெடுநேரம் பேசினார். சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடப்பதாக ஏற்பாடு. அவர் வீட்டுக்காரரும் வருகிறாராம், சப்பாத்து இல்லையாம். கறுப்பு ரப்பர் சப்பாத்து இரண்டு ஜோடி, அளவு கேட்டு, ஈப்போ பசாரில் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.